மேலே போனதும் மூச்சு முட்டிய என்ஜின்

எங்கள் வீட்டில் விமானம் அவருடையது, என்ஜின் என்னுடையது. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் என்ன விமானம் என்று விசாரிப்பார்கள். ஆள் ஏறுகிற விமானமில்லை, ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம். அதற்காகப் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். இறக்கை இரண்டையும் மாட்டினால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆள் நடக்க வழி இருக்காது. மூக்கில் உட்கார்ந்திருப்பது அசல் பெட்ரோல் என்ஜின். மரம் அறுக்கிற மிஷினிலும் புல் வெட்டுகிற மிஷினிலும் இருக்கிறதே, அதன் அண்ணன் தம்பி.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வெல்டர். பகலெல்லாம் இரும்பை ஒட்டுகிற மனிதர் வீட்டுக்கு வந்ததும் பால்சா என்கிற லேசான மரத்தை ஒட்டுவார். பேச்சு குறைவு. நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். நான் காக்களூர் எஸ்டேட்டில் பம்புக்குப் பாகம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். ஒரு பாகம் அளவு தப்பி வந்தால் அதைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. ஆகவே எனக்குப் பேச்சு அதிகம், வாய் கொஞ்சம் நீளம் என்று கம்பெனியிலும் சொல்வார்கள், மாமியார் வீட்டிலும் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

என்ஜின் என் கைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். யாரிடமோ பழையதாக வாங்கி வந்ததை மொட்டை மாடியில் பலகையில் திருகி, புரொப்பெல்லரைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுவார், ஒரு பொட்டு சத்தம் வரும், நிற்கும். மறுபடி தட்டுவார். கீழே சமையலறையில் எனக்கு அந்தச் சத்தம் பல்லில் கல் கடிபட்டதைப் போல இருந்தது. தோசைத் திருப்பியோடு மாடிக்குப் போய், "தள்ளுங்க" என்றேன். பெட்ரோல் தொட்டிக்குள் போகிற சின்ன ரப்பர் குழாய் விறைத்து வெடித்திருந்தது. பெட்ரோலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது என்ஜின். குழாயை மாற்றியதும் பற்றிக்கொண்டது. தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அன்றிலிருந்து அந்த என்ஜின் என் பொறுப்பு.

டியூனிங் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பொறுமையும் காதும் வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊருக்கே தெரியும், ஆனால் மனுஷரிடம் இல்லாத பொறுமை இயந்திரத்திடம் வருகிறது, என்ன செய்வது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டரில் இரண்டு திருகு இருக்கும். ஒன்று என்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பதற்கு, மற்றது முழு வேகத்துக்கு. பெட்ரோல் குறைந்தால் இருமிவிட்டு அணையும், சூடேறி நாசமாகும். அதிகமானால் தொண்டை கட்டினவர் பேசுவதைப் போலக் கரகரக்கும். முழு வேகத்தில் சத்தம் உச்சத்துக்குப் போகிற இடத்தைப் பிடித்து, அங்கிருந்து துளி பெட்ரோலைக் கூட்டி வைத்துவிட வேண்டும். கழற்றிப் பார்த்தால் பிளக்கின் முனை காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் உள்ளே இருக்கும் ரப்பர் சமாச்சாரங்கள் சீக்கிரம் விறைத்துப் போகின்றன. அதனால் பறந்து முடித்ததும் தொட்டியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் காலி செய்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊத்துக்கோட்டைப் பக்கம் போவோம். அவருடைய அண்ணனுக்கு அங்கே ஒரு மேட்டுக் கொல்லை இருக்கிறது. வேர்க்கடலை பிடுங்கின பிறகு உருளை ஓட்டி ஒரு ஓடுதளம் மாதிரி வைத்திருக்கிறோம். திருவள்ளூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் ஆம்னி வேனில் எங்களையும் விமானத்தையும் ஏற்றிக்கொள்வார். அவரும் பறக்கவிடுகிறவர்தான். அவருடையதெல்லாம் பேட்டரியில் ஓடுகிற மோட்டர். வழியில் ஒரு கடையில் நாஷ்டா முடித்து, வெயில் ஏறுவதற்குள் கொல்லைக்குப் போய்ச் சேர்வோம். என் வீட்டுக்காரர் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காருவார். நான் முன்னால் போய்க் கையுறை போட்டுக்கொண்டு புரொப்பெல்லரைத் தட்டி ஸ்டார்ட் பண்ணுவேன், பின்பக்கம் வந்து திருகுகளைச் சரிபார்ப்பேன், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். அப்புறம் அவர் ரிமோட்டை எடுத்துக்கொள்வார். மேலே இருக்கும்போது அது அவருடையது.

வாரத்தில் மற்ற நாட்களில் அவர் கம்பெனி பஸ் பிடிக்க இருட்டோடு கிளம்பிவிடுவார். நான் திரும்பும்போது அவர் இருக்கமாட்டார், அவர் திரும்பும்போது நான் அரைத் தூக்கம். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக ஒரு வேலை செய்வது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மட்டும்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை.

மழை ஓய்ந்து, பொங்கல் கழிந்து, கொல்லை காய்ந்ததும் விமானத்தை வெளியே எடுத்தோம். மழைக்கு முன்பே கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வைப் புதிதாகப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு தட்டில் பற்றிக்கொண்டது. மெதுவான வேகத்தில் அம்சமாக ஓடியது. முழு வேகம் கொடுத்துப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டைவிரலைக் காட்டினேன். ஓடி, எழும்பி, நெட்டாக மேலே ஏறியது. தென்னை உயரத்தைத் தாண்டியதும் சத்தம் தேய ஆரம்பித்து, பட்டென்று அடங்கிவிட்டது. அவர் பதறாமல் மூக்கைத் தாழ்த்தி, சறுக்கவிட்டு, வரப்பு ஓரமாக இறக்கிவிட்டார்.

"இன்னா ஆச்சு?" என்றார்.

"பாக்கறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மேலே ஏறும்போது மட்டும் அணைகிறதென்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். தொட்டியிலிருந்து வருகிற குழாயை மாற்றினேன். தொட்டிக்குள் கிடக்கும் உறிஞ்சும் குண்டை மாற்றினேன். கார்புரேட்டரில் பெட்ரோலை இழுக்கிற பக்கத்து மூடியைக் கழற்றி, அங்கே இருக்கும் சவ்வையும் வடிகட்டியையும் புதிதாகப் போட்டேன். பிளக்கும் புதிது. அடுத்த ஞாயிறு அதே இடத்தில், அதே தென்னை உயரத்தில் அணைந்தது. இந்த முறை காற்று எதிர்த்து அடித்ததால் சக்கரம் ஒன்று பெயர்ந்துவிட்டது.

அதற்கடுத்த முறை பெட்ரோலையே வேறு பங்கில் வாங்கினேன். முழு வேகத்துக்கான திருகை நன்றாகத் திறந்து வைத்தேன். தரையில் புகையாய்க் கக்கியது. மேலே போய் அணைந்தது. பக்கத்துக் கழனியில் நாற்று நட்டிருந்தார்கள், அதில் போய் மூக்கு குத்தி நின்றது. அண்ணன் போய் அந்தக் கழனிக்காரரிடம் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. நான் சேற்றில் இறங்கி என்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முழங்கால் வரை சேறு, காது வரை அவமானம்.

ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் வாயை எப்போது மூட வேண்டும் என்று தெரிவதில்லை.

"அண்ணி, எதுக்கு இந்த பெட்ரோலு பேஜாரு? ஒரு மோட்டரு, ஒரு பேட்டரி. அவ்ளோதான். பெட்ரோல்ல எண்ண கலக்க வேணாம், திருகு திருவ வேணாம். நீங்க நெழல்ல குந்திக்கினு டீ சாப்ட்டு வேடிக்க பாக்கலாம்."

"வேடிக்க பாக்கறதுக்கு நான் எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்? ஊட்ல டிவி கீது" என்றேன்.

அவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது வேனில், ஜன்னலைப் பார்த்தபடி, "மோட்டரே போட்டுர்லாம்" என்றார்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கம்பெனியில் எத்தனையோ பேர் என் அளவைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். சண்டை போட்டு ஜெயித்திருக்கிறேன். இவர் சண்டை போடவில்லை. என் வேலையில் நம்பிக்கை போய்விட்டது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு வேப்பமரங்களை எண்ணிக்கொண்டு வந்தார். என்ஜினைக் கழற்றிவிட்டால் நான் எதற்கு? பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு ஆள் தேவையில்லை. அவரும் ஸ்டுடியோக்காரரும் போவார்கள், நான் வீட்டில் துணி துவைப்பேன். எனக்குக் கோபம் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் பயம்தான்.

அதற்கப்புறம் வீட்டில் சாப்பாடு, சாவி, கேஸ் புக்கிங் தவிர வேறு பேச்சில்லை. அவர் வழக்கமாகவே பேசாதவர் என்பதால் நான் பேசாமல் இருப்பது அவருக்குத் தண்டனையா, ஓய்வா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஸ்டுடியோக்காரரிடம் மோட்டருக்குச் சொல்லி வைத்துவிட்டதாக மட்டும் ஒருநாள் சொன்னார். "சரி" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு காரம் ஏற்ற முடியுமோ அவ்வளவும் ஏற்றினேன்.

ஒரு சனிக்கிழமை எனக்கு லீவு, அவருக்கு ஷிஃப்ட். மோட்டர் வருவதற்குள் என்ஜினை நானே இறக்கிவிடலாம் என்று மாடிக்குப் போனேன். வேறு யாராவது ஸ்பானர் போட்டு இழுப்பதைப் பார்க்க எனக்கு மனசில்லை. மூக்கு மூடியைக் கழற்றி, போல்ட்டுகளைத் தளர்த்தி, என்ஜினைக் கார்புரேட்டரோடு கையில் எடுத்தேன்.

அந்தக் கார்புரேட்டருக்கு இரண்டு மூடி. ஒன்று வெளிப்பக்கம் பார்த்திருக்கும். நான் திரும்பத் திரும்பத் திறந்தது அதைத்தான். இன்னொன்று விமானத்தின் உடம்பைப் பார்த்தபடி ஒரு இடுக்கில் இருக்கும். என்ஜினை இறக்கினால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துச் சவ்வைத்தான் மழைக்கு முன்பு புதிதாகப் போட்டிருந்தேன், அதனால் அதைச் சந்தேகப்படவில்லை. அந்த மூடியின் நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. வெளிக்காற்று அந்தத் துளை வழியாக உள்ளே போய்ச் சவ்வை அமுக்கினால்தான் பெட்ரோலுக்கு வழி திறக்கும். துளை அடைபட்டால் மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. முழு வேகத்தில் கொஞ்ச நேரம் இழுத்ததும் மூச்சு முட்டி நின்றுவிடும்.

துளை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. எண்ணெய் பட்டுக் கறுத்த பழுப்பு. குளவி கூடு கட்டிவிட்டது என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. உள்ளே மஞ்சள், அதற்கு நடுவில் சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் வாடைக்கு அடியில் சந்தன வாசனை.

ஆயுத பூஜை.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் சந்தனம் குங்குமம் படாத இயந்திரம் இருக்காது. லேத்துக்கு, டிரில்லுக்கு, தராசுக்கு, கம்ப்யூட்டருக்கு, கேண்டீன் கிரைண்டருக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு. கம்பெனியில் அளவெடுக்கிற என் மைக்ரோமீட்டரைக் காப்பாற்ற நான் அன்று காவல் நிற்பேன். பெட்டிக்கு வையுங்கள், மைக்ரோமீட்டருக்கு வைக்காதீர்கள் என்று கத்துவேன். வீட்டிலும் அப்படித்தான். வண்டி, மிக்ஸி, தையல் மிஷின் எல்லாவற்றையும் அவர் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டே மாடிப்படியில் கால் வைத்தபோது, "என்ஜினு பக்கம் போவாதீங்க, அது என் பொறுப்பு" என்று சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினார். தலையை ஆட்டிவிட்டு, நான் பார்க்காதபோது போயிருக்கிறார். அவரைத் தவிர அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

கொதித்தது எனக்கு. தானே துளையை அடைத்துவிட்டு, என் கையைச் சந்தேகப்பட்டு, மோட்டருக்கும் சொல்லிவிட்டார் பெரிய மனிதர். துளையைச் சுத்தம் செய்து, ஊதிப் பார்த்து, என்ஜினை மறுபடி மாட்டினேன். அவர் வந்ததும், "நாளைக்கி ஒரே ஒரு தபா பெட்ரோல்ல பறக்க வுடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன். சரி என்றார்.

மறுநாள் திருகுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஓடி எழும்பியது. தென்னை உயரத்தைத் தாண்டியது. சத்தம் தேயவில்லை. இன்னும் ஏறியது. ஸ்டுடியோக்காரர், "அண்ணி, ஸ்பீக்கர் கட்டுன மாரி கீது" என்று கத்தினார். தொட்டி தீர்கிற மட்டும் பறந்துவிட்டு இறங்கியது. ஸ்டுடியோக்காரர் டீ வாங்கப் போகட்டும் என்று காத்திருந்தேன்.

வேன் மறைந்ததும், "கார்புரேட்டர்ல பொட்டு வச்சது யாரு?" என்றேன்.

"எந்தப் பொட்டு?" என்றார். பொய் சொல்ல வராத முகம் அது. அப்புறம், "நான்தான்" என்றார்.

"போவாதீங்கன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன. அதான் உன் கண்ணுல படாத எடமா பாத்து, சந்துல வெரல வுட்டு வச்சேன்."

துளையைப் பற்றிச் சொன்னேன். மூன்று தடவை அணைந்ததும், சக்கரம் உடைந்ததும், நான் சேற்றில் இறங்கியதும் அந்த ஒரு பொட்டால்தான் என்று சொன்னேன். குரல் உயர்ந்திருக்கும், கொல்லைக்கு அந்தப் பக்கம் மாடு மேய்த்தவர் திரும்பிப் பார்த்தார். "உங்க ஏரோப்ளேனுக்குத் திருஷ்டி பட்டுரும்னு என் என்ஜினக் கெடுத்து வச்சிக்கீறீங்க!"

"ஏரோப்ளேனுக்கு வெக்கல" என்றார். "அது வுழுந்தா இன்னொண்ணு செய்வேன். உன் கைக்கு வச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

மழைக்கு முன்னால் ஒருநாள் ஸ்டார்ட் பண்ணும்போது என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்து, புரொப்பெல்லர் என் விரல் நுனியில் அடித்திருந்தது. கையுறை போட்டிருந்தேன். நகம் கறுத்து, கொஞ்ச நாளில் விழுந்து, புதிது முளைத்தது. எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அன்றைக்கே இன்னொரு முறை ஸ்டார்ட் பண்ணினேன். அவர் அன்று எதுவும் சொல்லவில்லை. இப்போது சொன்னார்.

"நான் வால புட்ச்சிக்கினு பின்னால குந்திக்கினு கீறேன். உன் கை அந்தாண்ட போவுது. எனுக்கு ஒண்ணும் தெரியாது. டப்புனு சத்தம் கேக்கும். நீ இந்தாண்ட வந்து வெரலக் காட்ற வரிக்கும் எனுக்கு உசுரு இல்ல. கம்பெனில ஒருத்தனுக்கு பிரஸ் மிஷின்ல கை போச்சி. துணில சுத்தி நான்தான் எட்த்துக்கினு ஓடுனேன். உன்கிட்ட சொல்லல."

"அதுக்குத்தான் மோட்டரா?"

"அத்த கையால தட்ட வேணாம்ல."

அத்தனை நாளும் நான் என் கைத்திறமையை இவர் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து வெந்துகொண்டிருந்தேன். இவர் என் கையை நினைத்துத் தூங்காமல் இருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே பாயில். எனக்கு அழுகை வந்தது, கூடவே இவரை நாலு சாத்து சாத்தலாம் என்றும் வந்தது.

"அந்த மோட்டரப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றேன். "இது ஸ்டார்ட் ஆவறப்ப ஒரு ஒதை ஒதைக்கும், நின்னுடும். அது நிக்காது. வெரலு மாட்னா இன்னும் இழுக்கும். பேட்டரி மாட்னதுலேந்து சத்தமே போடாம குந்திக்கினு இருக்கும். நான் முன்னாடி நிக்கறப்ப உங்க சட்ட ரிமோட்டுல பட்டாகூட போதும். ஓடுதா ஓடலையான்னு காதுக்குத் தெரியாது. அவ்ளோ பெரிய மோட்டர்ல ஒரு வெரலு இல்ல, கையே போவும்."

அவர் முகம் வெளிறிப்போனது. அந்த நிமிடமே செல்லை எடுத்து ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டு, மோட்டர் வேண்டாம், சொல்லி வைத்த இடத்தில் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள் என்றார். காரணம் சொல்லவில்லை. ஓடுதளத்தின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்ப நான் இன்னாதான் பண்றது?" என்றார். கேட்ட விதத்தில் நிஜமாகவே அவருக்கு வழி தெரியவில்லை.

"பயப்படுங்க" என்றேன். "நல்லா பயப்படுங்க. ஆனா வாயத் தொறந்து என்கிட்ட சொல்லிட்டு பயப்படுங்க."